பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

சனிக்கிழமை காலையில் காபி டம்ளரைக் கையில் எடுத்தால் போதும், வாசல் மணி அடித்துவிடும். எதிர்வீட்டுப் பெரியவர் நிற்பார். முதுகில் பை, இரண்டு கையிலும் கோல், இடுப்பில் கரடியை விரட்டுகிற மிளகாய் ஸ்ப்ரே. "இன்று வடக்கு முகட்டுக்குப் போகிறேன். நான்கு மணிக்குத் திரும்பிவிடுவேன். ஆறு மணிக்கும் என் கார் டிரைவ்வேயில் இல்லையென்றால் போன் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். முதல் தடவை, அவருக்குத்தான் போன் செய்யச் சொல்கிறார் என்று நினைத்து அவருடைய எண்ணைக் கேட்டேன். "எனக்கா? நான் அப்போது எடுக்கிற நிலைமையில் இருக்க மாட்டேனே!" என்று சிரித்தார். மலை மீட்புக் குழுவுக்கு என்று பிறகுதான் புரிந்தது. அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்று நான்கு மணியிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. ஐந்தரைக்குக் கார் வந்தது. இறங்கி, எனக்குக் கையாட்டிவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த ஊரில் இது பழக்கம். மலைக்குப் போகிறவர் எந்த வழியாகப் போகிறார், எப்போது திரும்புவார் என்பதைப் போகாத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொந்தக்காரர்தான் என்றில்லை. முந்தாநாள் அறிமுகமானவராக இருந்தாலும் போதும். காஞ்சிபுரத்தில் வளர்ந்த எனக்கு இது காதில் ஈயம் ஊற்றுவதுபோல் இருந்தது. எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரை "எங்கே?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அப்பா தெருமுனை டீக்கடைக்குக் கிளம்பினாலும் அம்மா கேட்க மாட்டாள். தப்பித்தவறி நான் கேட்டுவிட்டால் அப்பா திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். போகிறவர் தானாகச் சொன்னால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

ஊரின் பெயரை எழுதவில்லை. இதில் வரப்போகிற ஹெலனுக்கு நான் கொடுத்த வாக்கு அது. மேற்குக் கனடாவில், சமவெளி முடிந்து ராக்கி மலைகள் எழும்புகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கடைத்தெரு. மலைக்குப் போகிறவர்கள் பெட்ரோல் போட, சாண்ட்விச் வாங்க, கழிப்பறைக்குப் போக இங்கே நிற்பார்கள். கோடையில் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. பனிக்காலத்தில் நாய்தான் நடக்கும். நான் இங்கே மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். என் மனைவி கவிதா பக்கத்து ஊர் மருத்துவமனையில் நர்ஸ். பல வருஷம் வாடகைக்கு ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். தரையோடு தரையாக இருந்த ஜன்னலை டிசம்பரில் பனி மூடிவிடும். வீடு வாங்குவது என்று முடிவெடுத்தபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்க வேண்டும், அது அம்மாவுக்கு. அம்மாவுக்குப் படியேற முட்டி ஒத்துழைக்காது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது விற்கிறவர் அங்கே இருக்க மாட்டார் என்றுதான் ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஹெலன் இருந்தார். சமையலறை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிற வயது, வெள்ளை முடி, கூர்மையான கண். நாங்கள் அறை அறையாகப் பார்த்துவிட்டு வரும்வரை அங்கேயே இருந்தார். மாடிப்படிச் சுவரில் ஓர் இளைஞனின் படம் மட்டும் மாட்டியிருந்தது. மற்ற எல்லாப் படங்களையும் கழற்றிய இடத்தில் வெள்ளைச் சதுரங்கள்தான் இருந்தன. "அது என் மகன் டேனியல். படம் இங்கேயே இருக்கலாமா?" என்று கேட்டார். ஏஜென்ட் தரையைப் பார்த்தார். கவிதா சரி என்று தலையாட்டினாள். பிறகு ஹெலன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?"

கொல்லைப்புறத்து ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்குமா என்று கேட்கிறார் என நினைத்தேன். "என் அம்மா வரப்போகிறார். அவர் வீட்டைவிட்டு எங்கேயும் போகமாட்டார்" என்றேன். முகம் மலர்ந்தது. இரண்டு நாளில் வீடு எங்களுக்கு என்று போன் வந்தது. எங்களைவிட அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தவர்களை அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஏன் என்று தெரியவில்லை என்றார் ஏஜென்ட். எனக்கும் தெரியவில்லை. அம்மா வீட்டைவிட்டு எங்கேயும் போகமாட்டாள் என்பது முழு உண்மை. அந்த வீடு பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலைச் சொல்ல வேண்டுமானால் என் அண்ணனைச் சொல்ல வேண்டும். பெயர் ஏகாம்பரம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். அப்பாவுக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டான். அம்மா நடுக்கூடத்தில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றைக்குப் போனவன்தான். வீட்டில் சண்டை கிடையாது. தலைக்கு மேல் கடனும் கிடையாது. காதல் விவகாரம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஊரில் எந்தப் பெண்ணும் காணாமல் போகவில்லை. அவன் தறியில் பாதியில் நின்ற சேலையை அப்பா ஒரு மாதம் கழித்து, யாரிடமும் பேசாமல், உட்கார்ந்து நெய்து முடித்தார்.

பார்த்தேன் என்று சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆரணியில் பார்த்தேன் என்றார் ஒருவர். தர்மவரத்தில் தறி ஓட்டுகிறான், தெலுங்கு தண்ணிபட்ட பாடாகப் பேசுகிறான் என்றார் இன்னொருவர். சூரத்தில் துணிக்கடையில் என்றார்கள். அப்பா ஒவ்வொரு ஊருக்கும் பஸ் ஏறினார். ஒவ்வொரு தடவையும் அண்ணனைப்போல இருந்த வேறு யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்படித் திரும்பித் திரும்பியே அவர் ஓய்ந்துபோனார் என்று நான் நினைக்கிறேன்.

அப்பா இறந்தபோது நான் சென்னையில் பார்மசி படித்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. கொள்ளி வைக்க வேண்டியது மூத்தவன். அவன் இல்லையென்றால் நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அம்மாவுக்கு மட்டும் இருந்தது. பாடை கட்டி முடித்துவிட்டார்கள், தூக்கவிடவில்லை. தெருப் பெரியவர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியவன் வருவான்னு இன்னும் எவ்ளோ நேரம்மா வெச்சிக்கினு இருப்ப? பொழுது சாயுது பாரு" என்றார். அம்மா தெருமுனையைப் பார்த்தபடி, "தகவல் போயிருக்கும். வந்துக்கினு இருப்பான்" என்றாள். அந்தக் குரலில் அழுகை இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுத் தாமதமாக வருகிறவனைப் பற்றிப் பேசுகிற குரல் அது. எனக்குத் தலை மழித்தாகிவிட்டது. ஈர வேட்டியோடு நின்றுகொண்டு நானும் தெருமுனையைத்தான் பார்த்தேன். வந்துவிடுவான் என்று அன்று நானும் நம்பினேன். வெளிச்சம் முழுக்கப் போன பிறகுதான் தூக்கினார்கள்.

அண்ணனுக்கு ஒரே ஒரு நல்ல படம் உண்டு. யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அப்பா படத்துக்குச் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை. பக்கத்திலேயே இருக்கும் அண்ணன் படத்தைத் துணியால் துடைப்பதோடு சரி. புதிதாக வந்த பால்காரர் ஒருநாள் தெரியாத்தனமாக, "பெரிய புள்ளைக்கும் ஒரு முழம் வாங்கிப் போடலாமேமா" என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து வேறு இடத்தில் பால். கனடாவுக்கு வந்துவிடு என்று நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் வந்துட்டா, அவன் வந்து பூட்டின கதவ பாத்துட்டுத் திரும்பிப் பூடுவாண்டா."

புது வீட்டில் பால் காய்ச்சினோம். மின்சார அடுப்பில் பால் பொங்குவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும்போல் இருந்தது. கவிதா சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த சாமந்தியை எல்லாம் வாங்கி வந்து, முந்தின நாளே உட்கார்ந்து சரமாகக் கட்டியிருந்தாள். நிலைப்படிக்கு மஞ்சள் பூசினாள், சாமி படங்களுக்கு, அப்பா படத்துக்குப் பூ வைத்தாள். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். டேனியலைப் பற்றி அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வசந்த காலத்தில் தனியாக மலைக்குப் போனான், வரவில்லை, பனிச்சரிவு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். ஊரே இறந்துவிட்டான் என்றுதான் பேசியது. "செத்துப்போனவங்க படத்த வெறுமன வுட்டுட்டு நாம மட்டும் விசேஷம் பண்ணா நல்லாவா இருக்கும்?" என்றாள் கவிதா. எனக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது. சந்தனமும் குங்குமமும் குழைத்து அவன் நெற்றியில் நானே பொட்டு வைத்தேன். கவிதா சரத்தைப் போட்டாள். படியில் ஒரு சின்ன விளக்கு ஏற்றினோம். என் அண்ணன் படத்துக்கு இத்தனை வருஷம் செய்யாததை, யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்கு ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தோம். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஹெலனும் வந்திருந்தார், ஆப்பிள் பை ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு. படத்தைப் பார்த்து நின்றார். பூவைத் தொட்டுப் பார்த்தார். "அழகாக இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். "மரியாதை" என்றேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கவிதா வீடியோ காலில் அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தாள். சமையலறை, கூடம், அம்மாவுக்கான அறை. "நல்லாக்குதுமா, நல்லாக்குது" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். போன் மாடிப்படிப் பக்கம் திரும்பியது. இருட்டான சுவரில் விளக்கு வெளிச்சத்தில் ஓர் இளைஞன், நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை. அம்மாவுக்குக் கண்ணில் புரை. அவள் மகன் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் வயசுப் பிள்ளை வேறு யாராக இருக்க முடியும்? அம்மா ஒரு சத்தம் போட்டாள். அதை வார்த்தை என்று சொல்ல முடியாது. திரையில் அவள் முகம் போய், காஞ்சிபுரத்துக் கூடத்தின் விட்டமும் மின்விசிறியும் தெரிந்தன. பிறகு எதுவும் தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் அம்மா போனை எடுக்கவில்லை. பக்கத்துவீட்டில் இருக்கும் வசந்தா, பட்டுச்சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுகிறவர், அவருக்குப் போன் போட்டேன். "அக்கா சாப்பிடுறாங்க, தூங்குறாங்க. உன் பேர எடுத்தாதான் எழுந்து உள்ள போயிடுறாங்கபா" என்றார். போனை அம்மாவின் காதில் பிடிக்கச் சொல்லி, நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அது அண்ணன் இல்லை, இந்த வீட்டுக்காரம்மாவின் பிள்ளை, மலைக்குப் போய்த் திரும்பி வராதவன் என்று. 

"ஒடம்பு கெடச்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லமா."

"அப்பறம் எந்தத் தைரியத்துல மாலை போட்ட? பெத்தவ உசுரோட இருக்கா. அவ சொன்னாளா உன்கிட்ட, எம்புள்ள செத்துட்டான்னு? எடு மொதல்ல. பொட்ட அழி. அந்தம்மாகிட்டப் போய்க் காலத் தொட்டு மன்னிப்புக் கேளு."

மாலையை எடுத்தேன். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தபோது அது நெற்றி முழுக்கச் சிவப்பாக ஈஷிக்கொண்டது. பயந்துபோனேன். மூன்று துணி மாற்றித் துடைத்தேன். டேனியல் சிரித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வீட்டை வாங்குகிறோம் என்றால் சுவரையும் கூரையையும் வாங்குகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் யாரோ எதிர்பார்க்கப்படுகிறான் என்பதும் சேர்ந்து வரும் என்று எந்த ஏஜென்டும் சொல்லவில்லை.

ஹெலன் இரண்டு தெரு தள்ளி, முதியோருக்கான அடுக்குமாடியில் இருக்கிறார். காலைத் தொடுவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாததால் வாயால்தான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் பூவுக்கும் பொட்டுக்கும் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர் டீ கோப்பையைக் கீழே வைத்தார். "ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் முகத்துக்கு நேராகச் சொன்னது நீங்கள்தான். அதுவும் தெரியாமல்" என்றார். கோபமில்லை, சிரிக்க முயன்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். டேனியல் எந்த வழியாக ஏறுகிறான், எங்கே திரும்புகிறான், எத்தனை மணிக்கு வருவான் எல்லாமே சொல்லிவிட்டுத்தான் போனான். வழியை ஒரு தாளில் வரைந்துகூடக் காட்டினான். ஐந்து மணி என்றான். ஐந்தேகாலுக்கு அவர் போன் செய்துவிட்டார். தேடினார்கள், ஹெலிகாப்டர் வந்தது, நாய்கள் வந்தன. "என் தலைக்குத் தெரியும். ஆனால் வாசல் மணி அடித்தால் எழுந்து போவது கால்தான். அதற்கு யார் சொல்வது?" என்றார்.

முட்டி தேய்ந்து, பனி வார முடியாமல்தான் வீட்டை விற்றாராம். பகலில் ஆளில்லாத வீடாகப் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கவலை. வேலைக்குப் போகிற இளம் தம்பதிகள் எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். அம்மா வீட்டிலேயே இருப்பார் என்று சொன்னது நான் ஒருவன்தான். வாசலில் கேமரா வைத்துவிடுகிறேன், யார் வந்தாலும் உங்கள் போனிலேயே தெரியும் என்றேன். "கேமரா 'உள்ளே வா' என்று சொல்லுமா?" என்று கேட்டார். பிறகு கேட்டார், "உங்கள் அம்மா எப்போது வருகிறார்?"  சீக்கிரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பனிக்காலம் முழுக்க நானும் கவிதாவும் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டுவதே ஒரு குற்றம் மாதிரி இருந்தது. பூட்டைத் திருப்பும்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ படியேறி வருவதுபோலத் தோன்றும். திரும்பிப் பார்ப்பேன். சில நாள் அது டேனியல், சில நாள் அண்ணன். கவிதாவும் திரும்பிப் பார்க்கிறாள் என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். 

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹெலன் ஏன் எங்களுக்கு வீட்டைக் கொடுத்தார் என்பதையும் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவளைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று.

"சொல்லிட்டா போனான் அந்தப் புள்ள?"

"ஆமாம்மா. எங்க போறேன், எப்போ வருவேன்னு எல்லாம் சொல்லிட்டு."

"அவ கேட்டாளா?"

"கேட்டாங்க. இங்க எல்லாருமே கேப்பாங்க."

"கேட்டும் வரலியா?"

"வரலமா."

 அரிசி முறத்தோடு உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்தை அம்மா எத்தனை வருஷமாக உள்ளே வைத்துப் புழுங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா நின்னிருப்பான்னுதாண்டா…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அழுதாள். அப்பா போனபோது அழாத அம்மா, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தன் தாயிடம் சொல்லிவிட்டுப் போனான் என்பதற்காக அழுதாள். நானும் மருந்துக்கடையின் பின்னறையில் நின்று அழுதேன்.

பிறகு அவளே இங்கே வருவதற்கான ஏற்பாட்டை ஆரம்பித்தாள், என்னிடம் யோசனை கேட்கவில்லை. வசந்தா வாடகை வீட்டில்தான் இருந்தார். நாள் முழுக்கச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டிலேயே குச்சு கட்டுகிறவர். அவரையே எங்கள் வீட்டில் குடிவைத்தாள். வாசல் கதவை மாற்றக் கூடாது, பெயிண்ட் நிறத்தைக்கூட மாற்றக் கூடாது. பகலில் பூட்டக் கூடாது. யார் வந்து நின்றாலும் முதலில் இடது புருவத்தைப் பார்க்க வேண்டும். அண்ணனுக்குச் சின்ன வயதில் அங்கே அடிபட்ட தழும்பு உண்டு. தழும்பு இருந்தால், பேசுவதற்கு முன் சோறு போட வேண்டும். போன் அப்புறம். "அவன் வந்து நாலு நாள் இருந்துட்டுப் போனானாக்கூடப் போதும். சாப்பாடு போட்டன்னு சொல்லு" என்றாளாம். இதை வசந்தாதான் எனக்குச் சொன்னார். ஹெலன் எனக்கு வீட்டை விற்ற அதே கணக்கில்தான் அம்மா வசந்தாவுக்கு வீட்டை விட்டாள். இந்த இரண்டு பெண்களும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

விசா கிடைத்து, ஜூன் மாதத்தில் அம்மா வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் மலைகள் தெரிந்ததும், "இன்னாடா இது, வழிய மறிச்சிக்கினு நிக்குது!" என்றாள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிற காட்சி அவளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தன் அறையைப் பார்க்கவில்லை, நேராக மாடிப்படிக்குப் போய் டேனியல் படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மாலை மாட்ட நாங்கள் தனியாக அடித்திருந்த சின்ன ஆணியை உருவி எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

ஹெலன் மறுநாளே வந்துவிட்டார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. "பிஸ்கட்" என்பதும் "டீ" என்பதும் தவிர. நான் மொழிபெயர்க்க முயன்றபோது இருவருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை. பனி உருகுகிற மாதங்களில் ஹெலன் தினமும் வருவார். அப்போதுதான் மலை எதையாவது திருப்பிக் கொடுக்கும் என்று இங்கே சொல்கிறார்கள். ஒரு ஷூ, ஒரு பையின் வார். போன வருஷம் யாருடையதோ ஒரு கையுறை கிடைத்தபோது அவர் மூன்று நாள் சாப்பிடவில்லையாம். காலை ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா இல்லை என்று தலையாட்டுவாள். அதே நேரம்தான் அம்மா வசந்தாவுக்குப் போன் போடுவது. அங்கே இரவுச் சாப்பாட்டு வேளை. "யாருனா வந்தாங்களா வசந்தா?" "யாரும் வரலக்கா." அம்மா போனை வைத்ததும் இப்போது ஹெலன் அவள் முகத்தைப் பார்ப்பார். மறுபடி தலையாட்டல். பிறகு இருவரும் டீ குடிப்பார்கள். அண்ணனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம். எனக்கு விடுமுறை. இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் மணி அடித்தது. முட்டி வலி என்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் அம்மாதான் முதலில் எழுந்தாள். எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பையன், தாடி, வெயிலில் கன்னம் சிவந்து உரிந்திருந்தது, முதுகில் பெரிய பை. குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, போனைக் கொஞ்சம் சார்ஜ் செய்துகொள்ளலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.  அம்மா அவனுக்கு மிக அருகே போய், அண்ணாந்து, இடது புருவத்தைப் பார்த்தாள். பையன் ஒன்றும் புரியாமல் அப்படியே நின்றான். பார்த்து முடித்ததும் அம்மா விலகுவாள் என்று நினைத்தேன். விலகவில்லை. திரும்பி மாடிப்படிச் சுவரைப் பார்த்தாள். மறுபடி அந்தப் பையனின் மூக்கை, தாடிக்கு மேல் இருந்த கன்னத்தை, கண்ணின் நிறத்தைப் பார்த்தாள். முதலில் பார்த்தது எங்களுக்காக. இரண்டாவது ஹெலனுக்காக. சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஹெலன் நின்றார். அம்மா அவரைப் பார்த்து, இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினாள்.

பிறகு அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, மேஜையில் உட்கார வைத்து, தட்டில் சோற்றைப் போட்டாள். அவன் தண்ணீர்தான் கேட்டான் என்று நான் சொல்லவில்லை. ஹெலன் அவன் எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் திறந்த கதவருகே நின்றேன். காஞ்சிபுரத்தில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும், ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு வாசலில் இந்த நேரத்தில் ஓர் ஆள் வந்து நின்றால், வசந்தா எழுந்து விளக்கைப் போட்டு, பயப்படாமல் கிட்டே போய், அவன் புருவத்தைப் பார்ப்பாரா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.